வடக்கே ஒரு நாள்

நாட்டுப்புறத்தினின்று சென்னை காண வந்தோர் முன்னாளில் இரண்டு கல்லூரிகளைத் தவறாது பார்த்துச் செல்வர். ஒன்று உயிர்க் காலேஜ். மற்றொன்று செத்த காலேஜ். இவ்விரண்டும் எந்தச் சர்வகலாசாலையோடும் இணைக்கப்பெற்றவை அல்ல. பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைக்கு முன்னதும், எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் பின்னதும் பொதுமக்கள் தாமே இட்டு வழங்கிய பெயர்களாம். அக்கல்லூரிகளிற் சேர மதிப்பெண் வேண்டப்படவில்லை. இரு கண்களும் ஒரு பகற்பொழுதும் போதியனவாயிருந்தன. 1851-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அருங்காட்சியகம் இன்றும் எழும்பூரில் விளங்குகின்றது. மிருகக்காட்சி சாலையோ 1985-ஆம் ஆண்டில் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தது. பெயர்கள் மட்டும் முதியோர் வாயில் எஞ்சி நிற்கின்றன. அவற்றைச் சூட்டியவருட் பலர் எழுத்தறியாதவராயிருத்தல் கூடும். எனினும், ஊர் சுற்றிக் காண்டல் வெறும் பொழுதுபோக்கன்று, அதுவும் ஒருவகைக் கல்வியே என்னும் உண்மையை அவர் நன்குணர்ந்திருந்தனர் என்பதற்கு அப்பெயர்களே சான்று பகரும்.

இன்றும் நம் நகரத்துப் பெற்றோர் இக்கல்வியைத் தம் மக்களுக்கு ஊட்டாமலில்லை. பள்ளி விடுமுறை வந்ததும் சிற்றுண்டியும் தண்ணீரும் கட்டிக்கொண்டு சிறுவரைக் கையிற் பிடித்தவண்ணம் புறப்படுகின்றனர். எழும்பூரில் அமராவதிச் சிற்பங்களும் சோழர்காலச் செப்புத் திருமேனிகளும், கோட்டையில் பழைய நாணயங்களும் வாள்களும், கோட்டூர்புரத்தில் 1988-ஆம் ஆண்டு முதல் நடைபெறும் கோளரங்கமும், கிண்டியில் பாம்புப் பண்ணையும், மாலையில் மெரீனாவும் கண்டு இரவில் வீடு திரும்புகின்றனர். இவற்றுள் எதனையும் நாம் குறை கூறப் புகவில்லை. குழந்தைப் பருவத்திலேயே நடராசர் திருமேனியை அண்மையில் நின்று நோக்கிய கண், பிற்காலத்தில் எளிதில் இழிந்தனவற்றை விரும்பாது என்பது நம் துணிபு. நம் வழக்கு வேறு. இக்காட்சிகள் யாவும் கோட்டைக்குத் தெற்கிலும் மேற்கிலும் அமைந்துள்ளன. இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் வாழும் குடும்பங்கள் ஊர் காண்பதெனின், தம் ஊரை விட்டு நீங்குவதே அதன் முதற்படியாகின்றது. வடக்கே வாழ்வதும் உழைப்பதும் உண்டு. காண்பதற்கு மட்டும் ஒன்றுமில்லை என்னும் எண்ணம், எவரும் சொல்லிக் கொடாமலே பிள்ளைகளின் நெஞ்சிற் குடியேறிவிடுகின்றது.

இது கற்பனையன்று. நாம் இராயபுரத்தில் குடியிருப்போர். நம் இல்லத்தில் ஒன்பது வயதுச் சிறுமியும் ஐந்து வயதுச் சிறுவனும் உளர். ஒரு கோடை விடுமுறையில் நாமும் நம் இல்லாளும் அவ்விருவரையும் அழைத்துக்கொண்டு பகலெல்லாம் தென்னகரைச் சுற்றிவிட்டு, இரவிற் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். மண்ணடியைத் தாண்டுகையில் சிறுமி கேட்டாள்: “அப்பா, பார்க்கிற இடமெல்லாம் அந்தப் பக்கம்தானா? நம் பக்கத்தில் ஒன்றுமே இல்லையா?” தம்பி உறங்கிவிட்டான், நாமோ உறங்குவார் போல இருந்துவிட்டோம். அடுத்த திங்களில் கல்லூரி திறந்தது. புதிதாகச் சேர்ந்த மாணாக்கர் ஒருவரை எவ்வூர் என வினவினோம். “சென்னை” என்றார். சென்னையில் எப்பகுதி என்றோம். “வடசென்னை” என்றார். மூன்றாம் முறை வினவிய பின்னரே, குரலைத் தாழ்த்தி, “எண்ணூர், ஐயா” என்றார். சிறுமியின் வினாவும் அம்மாணாக்கரின் தாழ்ந்த குரலும் ஒரே மரத்தின் விதையும் கனியும் என்பது அன்று நமக்கு விளங்கிற்று.

வடதிசை என்றும் இங்ஙனம் காணத்தகாத திசையாக இருந்ததன்று. சென்னையிலிருந்து எண்ணூர்வரை கால்வாய் ஒன்று 1806-ஆம் ஆண்டளவில் வெட்டப்பெற்றது. பின்னர்த் தெற்கிலும் வடக்கிலும் நீட்டப்பெற்றுப் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது அதுவே. அந்நாளில் நகரத்து ஐரோப்பியர் விடுமுறை கழிக்கப் படகேறி எண்ணூர் உப்பங்கழிக்கு வந்தனர். கரையில் மாளிகைகள் அமைத்து, மீனும் சிப்பியும் உண்டு மகிழ்ந்தனர். ஆகவே, இன்று நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் அவ்விடம் ஒரு காலத்தில் இந்நகரின் உல்லாச யாத்திரைத் தலமாயிருந்தது. இடம் மாறவில்லை, அதனிடத்து நாம் செய்ததும், அதனை நாம் நோக்கும் நோக்கும் மாறின.

சிறுமியின் வினாவுக்கு விடையிறுக்க ஓராண்டு ஆகவில்லை எனினும் சில திங்கள் ஆயின. தை மாதத்து வெயில் கடுமையற்றதாதலின், அம்மாதத்துச் சனிக்கிழமை ஒன்றைத் தெரிந்துகொண்டு, “இன்று நம் ஊரையே பார்க்கப் போகின்றோம்” என்று அறிவித்தோம். சிறுவன் ஏமாற்றமுற்றான், அவன் யானையை எதிர்பார்த்திருந்தான்.

விடியற்காலையிற் காசிமேடு மீன்பிடி துறைமுகத்தை அடைந்தோம். இரவெல்லாம் கடலிற் கிடந்த விசைப்படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கூடைகளில் வஞ்சிரமும் சங்கராவும் நெத்திலியும் இறாலும் இறங்கின. ஏலத்தின் ஆரவாரம் காதைத் துளைத்தது. பாளம் பாளமாக வந்த பனிக்கட்டியை இயந்திரத்தில் இட்டு நொறுக்கி, வெண்பொடியாகப் படகினுள் பொழிந்துகொண்டிருந்தனர். யானை கேட்ட சிறுவன் அங்கேயே நின்றுவிட்டான். கால்மணி நேரம் அவனை அவ்விடத்தினின்று பெயர்க்க இயலவில்லை. மீன் விற்கும் மூதாட்டி ஒருவர், “எட்டி நின்னு பாரு கண்ணு, கால் வழுக்கும்” என்று அவன் தோளைப் பற்றி நிறுத்தியதோடு, கைப்பிடியளவு பனிக்கட்டியும் அவன் உள்ளங்கையில் வைத்தார். எந்த அருங்காட்சியகத்தும் காட்சிப்பொருளைக் கையில் எடுத்துக் கொடுப்பார் இலர்.

சிறுமியின் கல்வி வேறு வகையது. வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரோடு அவள் உரையாடலானாள். மீன்கள் இனம் பெருக்கும் காலமாதலின், ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் தொழிலுக்குச் செல்லலாகாது என்னும் விதியை அவர் அவளுக்கு எடுத்துரைத்தார். “அந்த இரண்டு மாதம் நீங்கள் என்ன சாப்பிடுவீர்கள், தாத்தா?” என்று அவள் வினவ, அரசினர் தரும் நிவாரணத் தொகையையும் அதற்கு மேல் வாங்கும் கடனையும் பற்றி அவர் கூறினார். பொருளாதார நூல்களில் நாம் பல பக்கம் படித்து அறிவதனை அக்குழந்தை ஒரு வினாவில் தொட்டுவிட்டது. வீட்டுக் குழம்பில் மிதக்கும் மீனுக்குப் பின்னே ஒரு நாட்காட்டியும் ஒரு கடனும் உண்டென்பதை இனி அவள் மறவாள்.

அங்கிருந்து இராயபுரம் புகைவண்டி நிலையத்துக்குச் சென்றோம். பம்பாயினின்று தாணாவுக்கு 1853-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-இல் முதற் பயணிகள் வண்டி ஓடிற்று என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது. தென்னாட்டின் முதல் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் இராயபுரத்தினின்று வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடிற்று என்பதும், பம்பாயிலும் தாணாவிலும் இருந்த முதல் நிலையங்கள் மறைந்தமையின், நாட்டில் இன்றும் நிற்கும் புகைவண்டி நிலையக் கட்டடங்களுள் மிகப் பழையது இதுவே என்பதும் இராயபுரத்துப் பிள்ளைகளே அறியாதன. சென்ட்ரல் நிலையம் 1873-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பெற்றது. “அப்படியானால் நம் ஸ்டேஷன் சென்ட்ரலுக்கு அண்ணனா?” என்றான் சிறுவன். அவ்வுறவுமுறை சரித்திரத்துக்கு முற்றும் ஒத்ததே. உயர்ந்த தூண்களின் நிழலில் அவன் ஓடி விளையாடினான். நாள்தோறும் அவ்வழியே அலுவலகம் செல்வோர் பலர் அவனை நோக்கினரேயன்றித் தூண்களை நோக்கிற்றிலர்.

நிலையத்துக்கு அணித்தாகவே நம் ஊரின் பெயர்க்காரணமும் நிற்கின்றது. பேதுரு என்னும் சீடரை இந்நாட்டுக் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரால் 1829-ஆம் ஆண்டில் இங்குள்ள படகோட்டிகள் எழுப்பிய கோயிலே ஊருக்குப் பெயராயிற்று என்பர். அப்படகோட்டிகள் யாவர்? சென்னைக்குத் துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் அலைகளுக்கு அப்பாற் கடலில் நிற்கும். ஆணியே இன்றிப் பலகைகளைக் கயிற்றாற் பிணைத்துத் தைத்த மசூலாப் படகுகளில் மனிதரையும் மூட்டைகளையும் அலைகளினூடே கரை சேர்த்தவர் இவர்களே. ஆணி அறைந்த படகு அவ்வலையிற் பிளக்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். 1875-ஆம் ஆண்டில் துறைமுகத்துக்குக் கால்கோள் செய்தனர், 1881-ஆம் ஆண்டுப் புயல் அவ்வேலையைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். துறைமுகம் வளர வளரத் தைத்த படகு மறைந்தது. அதனைத் தைத்தவரின் வழித்தோன்றல்கள் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர்.

அத்துறைமுகத்துக் கணக்குப் பிரிவில் 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்த குமாஸ்தா ஒருவர், இரண்டாண்டு கழித்து, 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள், இதே துறையிற் கப்பலேறிக் கேம்பிரிட்சுக்குச் சென்றார். அவர்தாம் சீனிவாச இராமாநுசன். அவர் பெயரால் ஒரு சிறு அருங்காட்சியகம் நம் இராயபுரத்திலேயே 1993-ஆம் ஆண்டில் கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசன் அவர்களின் முயற்சியால் தோன்றிற்று. நம் திட்டத்தில் அதுவும் இருந்தது. ஆயின், சிறுவன் தாயின் தோளில் சாய்ந்து உறங்கிவிட்டான். அன்று அதனைக் கண்டிலோம். முன்னரே விசாரித்துக்கொண்டு வேறொரு நாள் செல்வதென முடிவு செய்து வீடு திரும்பினோம்.

ஈண்டுப் பெற்றோர்க்கு ஒன்று கூறுவோம். சிறு குழந்தைகளோடு செல்வார் ஐந்து இடங்களைத் திட்டமிட்டால் மூன்றைக் காண்பர், அம்மூன்றே போதும். நான்காவதனைக் காட்டுதற்பொருட்டு உறங்கும் குழந்தையை எழுப்புவோர், முன் கண்ட மூன்றையும் அதன் நினைவினின்று துடைத்துவிடுகின்றனர். வீட்டுக்கு அருகில் உள்ளனவற்றைக் காண்பதன் பெருநலம் இதுவே. பகலுணவுக்கு வீடு திரும்பலாம்; ஒரு சாமம் உறங்கலாம்; காணாது விட்டதனைக் காண மறுவாரமும் வரலாம். தொலைவிற் செல்வோர்க்கோ, பேருந்துச் செலவும் நுழைவுச் சீட்டும் வீணாகலாகாதே என்னும் கவலை பின்னின்று உந்துகின்றது.

பிற்பகலில் தண்டையார்பேட்டையில் மெட்ரோ ரயில் ஏறினோம். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 முதல் விம்கோ நகர் வரை ஓடும் இவ்வண்டி, தண்டையார்பேட்டைக்கு அப்பால் நிலத்தடியினின்று வெளிப்பட்டு மேலேறுகின்றது. இருள் நீங்கிக் கூரைகளுக்கு அப்பாற் கடலின் நீலக்கோடு தோன்றியபோது வண்டியிலிருந்த பிள்ளைகள் யாவரும் ஒருங்கே ஆரவாரித்தனர். வழியிற் காலடிப்பேட்டை என்னும் நிலையம் உளது. “யாருடைய காலடி?” என்றாள் சிறுமி. காலடி எவருடையதும் அன்று. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராயிருந்த யோசேப்பு காலெட் என்பார் நெசவாளரைக் குடியேற்றிய பேட்டை அது. காலெட்பேட்டை மக்கள் நாவிற் காலடிப்பேட்டையாயிற்று. ஊர்ப்பெயர்கள் ஒவ்வொன்றும் இத்தகைய காட்சிப்பொருள்களே. இவற்றைக் காண நுழைவுச் சீட்டு வேண்டா, கேட்கும் செவி ஒன்றே வேண்டும்.

திருவொற்றியூர்த் தேரடியில் இறங்கித் தியாகராசர் திருக்கோயிலுட் புகுந்தோம். யானையின் பின்புறம் போல் வளைந்த கருவறை முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டில், கருங்கல்லால் அமைக்கப்பெற்றது. காலையில் யானை இல்லையென வருந்திய சிறுவனுக்கு இஃது ஒருவாறு ஆறுதலளித்தது. சுவர்களிற் சோழர் கல்வெட்டுகள் பல உள. இக்கோயிலில் வியாகரணம் பயிற்றுதற்கென்றே ஒரு மண்டபம் இருந்தமையையும் அவை கூறுகின்றன. நம் கல்லூரிகள் தோன்றுதற்குப் பல நூற்றாண்டு முன்னரே இவ்வட சென்னையில் மாணாக்கர் அமர்ந்து இலக்கணம் ஓதினர் என்பதனை, ஊரைச் சொல்ல நாணிய அம்மாணாக்கர் அறிந்திருப்பாராயின், அவர் குரல் தாழ்ந்திருக்குமோ?

அறுபத்து மூவருள் ஒருவராகிய கலிய நாயனார் இவ்வூரினர், எண்ணெய் வாணிகர், திருக்கோயில் விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பதனையே தம் தொண்டாகக் கொண்டவர். செல்வம் கரைந்து எண்ணெய் வாங்க வழியற்றபோது, எண்ணெய்க்கு ஈடாகத் தம் உதிரத்தையே வார்க்கத் துணிந்தார் எனப் பெரிய புராணம் கூறும். இதனைச் சொன்னபோது சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “இப்போது விளக்கு எரிய யார் என்ன கொடுக்கிறார்கள்?” என்று கேட்டாள். குழந்தைகளின் வினாவுக்குச் சில வேளைகளில் ஊரே விடை கூறிவிடும். விம்கோ நகர் சென்று, அங்கிருந்து மின்சார ரயிலில் எண்ணூர் நோக்கிப் புறப்பட்டோம்.

இப்பாதை தொழிலின் பாதை. விம்கோ என்பது இங்கிருந்த தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயர். அதுவே ஊருக்கும் நிலையத்துக்கும் பெயராயிற்று. 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் மோட்டார் சைக்கிளுக்கு இந்நாட்டிற் பிறப்பிடமானது திருவொற்றியூர். 1948-ஆம் ஆண்டில் தொடங்கி, 1955-ஆம் ஆண்டில் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய நிறுவனத்தின் ஆலை எண்ணூரில் உளது. நம்மூர்ப் பேருந்திலும் லாரியிலும் அப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்திராத சிறுவன் இலன். அஃது எங்கே உருவாயிற்று என அறிந்த சிறுவரோ மிகச் சிலர்.

எண்ணூர் நிலையத்தை விட்டு அத்திப்பட்டுப் புதுநகர் நோக்கி வண்டி செல்லுங்கால், கொசத்தலையாற்றுக் கழியின்மீது பாலம் வருகின்றது. ஒருபுறம் வானளாவிய புகைபோக்கிகள். கீழே கழியிற் சிறு படகுகள். இடுப்பளவு நீரில் நின்று கையாலே சேற்றைத் துழாவி இறால் பிடிப்போர். 1970 முதல் 2017 வரை எண்ணூர் அனல்மின் நிலையம் இப்பகுதியில் இயங்கிற்று. 1994 முதல் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கிவருகின்றது. அதற்கு வேண்டிய நிலக்கரி கப்பலில் வந்து இறங்கவே 2001-ஆம் ஆண்டில் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பெற்றது. இன்று அது காமராசர் துறைமுகம் எனப்படும். கரி எரிந்து நீரை ஆவியாக்கும். ஆவி சுழலியைச் சுழற்றும். சுழலி மின்னைப் பிறப்பிக்கும். மின் நம் வீட்டு விளக்கில் ஒளிரும். இத்துணையும் சிறுமிக்கு எளிதில் விளங்கிற்று. எரிந்தபின் எஞ்சும் சாம்பல் எங்கே போகும் என்று அவள் வினவியபோதுதான் நாம் சாளரத்துக்கு வெளியே கை காட்டினோம். குழாய்களினின்று கசிந்த சாம்பல் ஆண்டுக்கணக்காகக் கழியிற் படிந்து நீரின் ஆழத்தைக் குறைத்துள்ளது. 2017-ஆம் ஆண்டு சனவரியில் இத்துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டமையாற் கடலில் எண்ணெய் பரந்தது. தொண்டர்கள் வாளிகளால் மொண்டு அகற்றினர். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்தினின்று எண்ணெய் கலந்து வந்து இக்கழியையே மூடிற்று; வலைகளும் படகுகளும் கறுத்தன; அம்மாத இறுதியில் நள்ளிரவில் அம்மோனியா வாயு கசிய, மக்கள் மூச்சுத் திணறி வீடுகளை விட்டு ஓடினர். கலிய நாயனார் தம் உதிரத்தைத் தாமே மனமுவந்து கொடுக்கத் துணிந்தார். இக்கழிக்கரை மக்களை எவரும் கேட்டதில்லை. எனினும் நகரத்தின் விளக்கு எரிகின்றது.

இங்கே சிலர் நம்மைத் தடுத்துரைப்பர். “சிறு குழந்தைகளை மகிழ்விக்க அழைத்துச் செல்லும் நாளில் புகையையும் சாம்பலையும் காட்டுவது தகுமா? பூங்காவும் பொம்மையும் அல்லவா அவர்க்கு வேண்டும்?” என்பர். நன்று, ஆயின் ஒன்று நினைவு கொள்க. எண்ணூரிலும் காட்டுக்குப்பத்திலும் பிறந்த குழந்தைகளுக்கு இவற்றைக் காட்டலாமா என்று எவரும் வினவவில்லை. அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். அவர்களுடைய புகையின் பயனாகிய ஒளியில் அமர்ந்து படிக்கும் நம் பிள்ளைகள் ஒரு மாலைப்பொழுது ரயிற் சாளரத்தினின்று நோக்குவதால் மென்மை கெட்டுவிடமாட்டார்கள். அச்சமூட்டிச் சொல்லுதல் பிழை, மறைத்தலும் பிழையே. குழந்தை கேட்ட அளவுக்கு, கேட்டதற்கு மட்டும், மெய்யாக விடையிறுப்பதே முறை. நம் சிறுமி அன்று அழவில்லை. “சாம்பலை வேறு இடத்தில் போட முடியாதா?” என்றுதான் கேட்டாள். பொறியியல் பயிலும் நம் மாணாக்கர் பலர் இவ்வினாவை இன்னும் கேட்கத் தொடங்கவில்லை.

வேறு சிலர், வடசென்னையில் வழியெல்லாம் கண்டெய்னர் லாரிகள், நடைபாதையில்லை, நிழலில்லை, பெண்டிரும் குழந்தைகளும் ஒதுங்கக் கழிப்பிடமில்லை என்பர். இவ்வாட்சேபம் முன்னையதினும் வலியது. அன்று நாமும் இவற்றால் இடருற்றோம், மறைப்பானேன்? சாலையைக் கடக்கச் சிறுவனைத் தூக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றோம். ஆயின் இது வடக்கே செல்லாமைக்குக் காரணமாகாது. வடக்கே வசதி வேண்டுவதற்கே காரணமாகும். காண வருவோர் இல்லாத இடத்துக்கு நடைபாதை அமைப்பார் யார்? நடைபாதை இல்லாத இடத்துக்குக் காண வருவார் யார்? இச்சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தல் வேண்டும். 2023-ஆம் ஆண்டில் அரசினர் முதற்கண் 1,000 கோடி ரூபாய் மதிப்பில் வடசென்னை வளர்ச்சித் திட்டத்தை அறிவித்தனர். வீடும் சாலையும் பள்ளியும் மருத்துவமும் அதில் முதலிடம் பெறுதல் நியாயமே. அவற்றோடு, இப்பகுதியின் வரலாற்றையும் தொழிலையும் கூறும் பெரியதோர் அருங்காட்சியகமும் வேண்டுமென்று நாம் கேட்கின்றோம். அதில் ஒரு தைத்த படகு இருக்கட்டும். முதற் புகைவண்டியின் வரலாறு இருக்கட்டும். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு செருமானியக் கப்பல் எம்டன் குண்டெறிந்து துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளை எரித்த கதை இருக்கட்டும். தீப்பெட்டியும் மோட்டார் சைக்கிளும் இருக்கட்டும். கழியின் சாம்பலும் ஒரு கண்ணாடிப் பேழையில் இருக்கட்டும். தன் பெருமையை மட்டும் காட்டும் காட்சிசாலை பாதி உண்மையையே காட்டும்.

தொழிற்சாலையாரும் துறைமுகத்தாரும் ஆண்டுக்கொரு நாளேனும், தக்க பாதுகாப்போடு, அண்டைவாழ் பிள்ளைகளுக்குத் தம் வாயிலைத் திறந்துவிடலாம். தன் தந்தை அம்மதிலுக்குள் என்ன செய்கின்றார் என அறியாமலே வளரும் பிள்ளை அத்தொழிலை மதிக்குமாறு எங்ஙனம்? தந்தையின் எண்ணெய்க்கறை படிந்த சட்டை அப்பிள்ளைக்கு நாணத்தைத் தருவதும் பெருமிதத்தைத் தருவதும் அம்மதிலின் வாயில் ஒரு நாள் திறப்பதைப் பொறுத்தது.

நிற்க. அரசினர் செய்யும்வரை நாம் காத்திருத்தல் வேண்டா. நம் கல்லூரி மாணாக்கருள் வடசென்னையினின்று வருவோர் பலர். அவர்கள் வடசென்னையில் ஒரு நாட் செலவுக்குரிய சிறு தமிழ்க் கையேடு ஒன்றைத் தொகுக்கலாம். எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குக் கோயில் திறக்கும், எங்கே குடிநீரும் கழிப்பிடமும் கிடைக்கும், எவ்விடத்திற் குழந்தையின் கையை விடலாகாது என்பனவெல்லாம் அதில் இருத்தல் வேண்டும். சரித்திர வகுப்பினர் முதிய மீனவர்களையும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளரையும் அடுத்துக் கேட்டு எழுதிவைக்கலாம். அவர்கள் நினைவு அவர்களோடு மறையுமுன் இது செய்யற்பாலது. நம் பழைய மாணாக்கருட் பலர் ஆலைகளிலும் அரசு அலுவல்களிலும் உயர்நிலையில் உள்ளனர். மேலே கூறிய வாயில்களைத் திறக்கும் திறவுகோல்களுட் சில அவர்கள் கையில் இருத்தல் கூடும்.

அன்று இரவு எட்டு மணிக்கு வீடு சேர்ந்தோம். விளக்கை ஏற்றியவுடன் சிறுவன் சோற்றை மறந்து, காலையிற் கண்ட பனிக்கட்டி இயந்திரத்தைப் போல் ஓசையிட்டுக்கொண்டு வீடெங்கும் ஓடினான். சிறுமி விளக்கைச் சற்று நோக்கிவிட்டு, யாரும் இல்லாத உள்ளறையில் எரிந்த மற்றொரு விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். நாம் அவளுக்கு அதனைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

மாணாக்கர்காள்! வரும் விடுமுறையில் உம் தம்பி தங்கையரையோ அண்டை வீட்டுச் சிறுவரையோ கைப்பிடித்து ஒரு நாள் வடக்கே அழைத்துச் செல்மின். பெருஞ்செலவு இல்லை, பேருந்துக் கட்டணமும் ஒரு புட்டித் தண்ணீரும் போதும். அவர்கள் கேட்பனவற்றுக்கு நீவிர் விடையறியீராயின், அவ்வினாக்களைக் குறித்துக்கொண்டு கல்லூரிக்கு வம்மின். அடுத்த ஆண்டு, எவ்வூர் என வினவுங்கால், முதன்முறையிலேயே நிமிர்ந்த குரலில் எண்ணூர் என்று விடை வருமாயின், இவ்விதழில் நாம் செலவிட்ட பக்கங்கள் வீணாயின அல்ல என்று மகிழ்வோம்.